கம்பி வளைந்த வெயில்

சிங்காநல்லூரில், ஜவுளிக் குடோனுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு, தினமும் காலையில் ஒரு வெயில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். வெயில் என்றால் ஊருக்கெல்லாம் பொதுவாகக் கொட்டிக்கிடக்கிற வெயில் இல்லை. குடோன் சுவருக்கும் மண்டபத்துச் சமையல்கட்டின் புகைக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் ஒரு முழ இடுக்கில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து, மருதாசலத்தின் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசை மேல் ஒரு துண்டை விரித்த அளவுக்கு விழுந்து, காப்பி குடித்து ஆறும் நேரம் இருந்துவிட்டு எழுந்து போகிற தனி வெயில். அந்தக் கட்டடத்துக்கு ‘சூரிய உதயம் ரெசிடென்சி’ என்று பெயர் வைத்த புண்ணியவானைப் பிடித்து உள்ளே குடிவைத்தால்தான் அவனுக்குப் புத்தி வரும், ஏனென்றால் அத்தனை வீடுகளில் இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும்தான் வெயில் வந்தது. மற்ற வீடுகளில் பட்டப்பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்குவார்கள்.

அந்த வெயிலை மற்ற எந்த வெயிலோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அதன் மேல் வரிவரியாக விழுந்திருக்கும், அதில் நடுக்கம்பி மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு வளைந்திருக்கும். கட்டில் மாடிப்படியில் திரும்பாது என்று வெளியே இருந்து கயிறு கட்டித் தூக்கிய நாளில், ‘புடி’ என்று கத்த வேண்டிய இடத்தில் மருதாசலம் ‘விடு’ என்று கத்தியதால் வந்த வளைவு அது. மருதாசலம் நல்ல மனிதர்தான். ஆனால் வேளைக்குச் சரியான வார்த்தை வாயில் வராத ஜாதகம்.

அவர் மனைவி பூங்கோதை அந்த மேசை மேல் செடி வளர்த்தாள். நர்சரிக்காரன் சொன்ன சக்குலண்ட் என்ற பெயர் அந்தக் குடியிருப்பில் யார் வாயிலும் நுழையவில்லை, இலையெல்லாம் கொழுகொழுவென்று சதை போட்டிருந்ததால் குண்டுச்செடி என்றே நிலைத்துவிட்டது. பிடி உடைந்த டீ கப்பிலும், பேக்கரி பிஸ்கட் டப்பாவிலும், மூடி தொலைந்த டிபன் பாக்ஸிலுமாக அவை உட்கார்ந்திருக்கும். அதில் ஊட்டியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒன்று, ரோஜாவைப் போல இதழ் அடுக்கியிருக்கும், வெயில் பட்டால் இதழ் நுனியெல்லாம் வெற்றிலை போட்ட உதடாகச் சிவந்துவிடும். அதற்கு ஊட்டிக்காரி என்று பெயர். பிள்ளை இல்லாத வீட்டில் ஊட்டிக்காரிக்கு இருந்த செல்லத்தைச் சொன்னால் உங்களுக்கே பொறாமை வரும்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை ஒறம்பரை என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். பூங்கோதை அந்த வெயிலையும் ஒறம்பரை என்றுதான் சொல்வாள். அது ஜன்னலில் தலை காட்டியதும் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாங்க, உக்காருங்க என்பாள். மேசையில் ஓரமாகிக் கிளம்பும்போது, போயிட்டு வாங்க என்பாள். கொங்கு நாட்டில் கன்றுக்குட்டிக்கே ‘ங்க’ போட்டுப் பேசுகிற மக்கள் உண்டு, வெயிலுக்குப் போட்டால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர் மருதாசலம் ஒருவர்தான். அவர் திருச்சி ரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். எதையும் சுவிட்சைத் தட்டினால் வரவேண்டும், தட்டினால் போகவேண்டும் என்பது அவர் கொள்கை. தன் இஷ்டத்துக்கு வந்து தன் இஷ்டத்துக்குப் போகிற ஒரு வெளிச்சத்துக்கு இத்தனை உபசாரமா என்று அவருக்கு எரிச்சல். செடிக்கு வேண்டியது வெயிலில் இருக்கிற சிவப்பும் நீலமும்தான், மீதியெல்லாம் தண்டம், இப்போது அந்த இரண்டை மட்டும் கொடுக்கிற செடி விளக்கு வந்துவிட்டது, அதைப் போட்டால் குண்டுச்செடி கும்மென்று வளரும் என்று சாப்பிடும்போதெல்லாம் ஓதுவார். பூங்கோதை, அதுக்கு ஒறம்பரை இருக்காங்கள்ளங்க என்று சொல்லி ரசத்தை ஊற்றுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு ‘ங்க’, அவர் அவளுக்கு ‘வா, போ’. ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான், அதனால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்படி இருக்கையில் காங்கேயத்தில் பூங்கோதையின் அண்ணன் மகளுக்குப் பிரசவம் ஆனது. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் போன் செய்தார். அவள் துணிமணியை எடுத்து வைத்துவிட்டு, செடிகளுக்கு மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒறம்பரை வந்தால் வாங்க என்று சொல்ல வேண்டும், கிளம்பும்போது போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னாள். அப்போது மருதாசலம் தரையில் உட்கார்ந்து ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே செடி விளக்கு. அவள் ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து வரவழைத்திருந்தார். பூங்கோதை பையோடு வாசலில் நின்று, போயிட்டு வரட்டுங்களா என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்காமல், கையில் தெர்மாகோலோடு, “ம், போ” என்றார்.

தமிழ் பேசும் வீட்டில் பிறந்த எவரும் வாசலில் நிற்கிறவரிடம் சொல்லாத சொல் அது. கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறவனைக்கூட வந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்புவோம். அவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு படியிறங்கிப் போனாள். இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மறுநாள் காலையில் மருதாசலம் விளக்கை மேசைக்கு மேல் மாட்டி, சுவிட்சைத் தட்டினார். நாவல்பழத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு வெளிச்சம் இறங்கியது. அவர் இடுப்பில் கைவைத்து ரசித்துக்கொண்டிருக்கும்போதே வழக்கமான வெயில் வந்து மேசை மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் ஊதா மங்கிவிட்டது. விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மருதாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏய், சித்த அக்கட்டால போ” என்று தள்ளிப்போகச் சொல்லிக் கையை வீசினார்.

வெயில் எழுந்தது. ஊட்டிக்காரியின் மேலிருந்து இறங்கி, மேசைக் காலோடு வழுக்கித் தரைக்கு வந்து, பாயைத் தாண்டி, கதவுக்கு அடியில் புகுந்து, வராந்தாவில் செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் போய், தன் செருப்பைத் தேடுகிற விருந்தாளியைப் போல அங்கே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. கூப்பிடுவார்களா என்று பார்த்திருக்கும். மருதாசலம் விளக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டது.

எதிர்வீட்டில் இருந்தவர் கிட்டுசாமி, ரிட்டயரான டிரில் மாஸ்டர், தனிக்கட்டை. அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பழைய மில் சுவர்தான் தெரியும், அதனால் அவர் அதைத் திறப்பதையே விட்டுப் பல வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கால் விரலில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் எழுந்து சட்டையை மாட்டி, பித்தான் எல்லாம் போட்டு, வாங்க வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். வெயில் ஏறி உட்கார்ந்தது. அவர் வீட்டு ஜன்னலில் பூப்போட்ட கிரில்தான், அதுவும் சாத்தியிருந்தது. ஆனாலும் நாற்காலியில் விழுந்த வெயிலில் வரிவரியாகக் கம்பி நிழல் இருந்தது, நடுக்கம்பி வயிறு தள்ளி வளைந்திருந்தது.

மத்தியானத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மருதாசலத்து வீட்டு வெயில் கோபித்துக்கொண்டு டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டதாம் என்று ஒருவர் சொல்ல, பின்னே, மரியாதை இல்லாத இடத்தில் எப்படி இருக்கும் என்று மற்றவர் கேட்டார். வெயில் எப்படிக் கோபிக்கும் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. கல்யாணங்களில் பந்தியில் முதல் வரிசை கிடைக்கவில்லை என்று மண்டபத்தை விட்டே எழுந்து போன சித்தப்பாக்களைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் அவர்கள்.

கிட்டுசாமி வீட்டுக்குப் போன வெயிலுக்கு நேரக் கணக்கெல்லாம் இல்லாமல் போய்விட்டது. வந்த இடம் பிடித்துப்போனதால் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழும். விடுவார்களா நம் ஆட்கள்? முதலில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தட்டு வடகம் இறங்கியது. பிறகு தலைக்குக் குளித்த பெண்கள் வந்தார்கள். பிறகு நனைந்த ஸ்கூல் ஷூ, புளி, சட்னிக்கு வாங்கி வண்டு விழுந்த உளுந்து, மஞ்சள் காமாலை என்று சொல்லப்பட்ட ஒரு பச்சைக்குழந்தை, வண்டு விழாத உளுந்து. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் லோகநாயகி வந்து, குழந்தைக்கு முதலிடம், ஈரத்தலைக்கு அடுத்த இடம், வடகத்துக்கு அப்புறம் என்று முறை வைத்தாள். முறை தவறினால் கிட்டுசாமி விசில் ஊதினார். ரிட்டயரான பிறகு அந்த விசிலுக்கு இப்போதுதான் வேலை வந்தது, அதனால் முறை தவறாதபோதும் ஊதினார்.

தரைத்தளத்தில் இன்னொரு விதமாக யோசித்தார்கள். அங்கே ஒருவர் வீட்டில் மச்சினன் வந்து மாசக்கணக்கில் தங்கி, சோபாவில் ஆளின் அச்சே விழுந்துவிட்டது. மருதாசலம் ‘போ’ என்றால் வெயிலே போய்விடுகிறதே, வந்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். மருதாசலமும் மறுக்க முடியாமல் போய் நின்று சொல்லிப் பார்த்தார். மச்சினன், வாங்க வாங்க, டீ சாப்பிடறீங்களா என்று கேட்டான். வெயிலுக்கு இருந்த ரோஷம் மனுஷனுக்கு இல்லை.

இந்தப் பக்கம் மருதாசலம் விளக்கை நம்பிக்கொண்டிருந்தார். வெளிச்சம் எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை நல்லது என்று ராப்பகலாக அணைக்காமல் விட்டார். வீடே ஊதாவாகிவிட்டது. இட்லி ஊதா, துணி ஊதா, கண்ணாடியில் பார்த்தால் அவர் மூஞ்சி வாடிய கத்திரிக்காய். சாம்பாரைப் பார்த்தால் சாப்பிட மனசு வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் புதிதாக பியூட்டி பார்லர் திறந்திருக்கிறது என்று நினைத்து, ஒரு நாள் மண்டபத்துக் கல்யாணப்பெண்ணின் அத்தைமார்கள் ஐந்தாறு பேர் மேலே ஏறி வந்து, புருவம் எடுக்க எவ்வளவு என்று அவரைக் கேட்டார்கள். அவர் இது செடிக்கு என்றார். செடிக்குக்கூடப் புருவம் எடுக்கிறார்களா, காலம் எங்கே போகிறது பாருங்கள் என்று பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

செடிகளோ தூக்கம் கெட்டு, அழுது முடித்த கல்யாண வீட்டுக் குழந்தைகளைப் போலச் சோர்ந்து கிடந்தன. அவற்றுக்கும் இருட்டு வேண்டும், இரவானால் கண் மூட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. ஊட்டிக்காரி மட்டும் சோரவில்லை. அவள் நிமிர்ந்து விளக்கைப் பார்க்கவே இல்லை. கழுத்தை நீட்டி நீட்டி, இதழ்களுக்கு நடுவே தண்டு தெரிய, கதவுப் பக்கம், எதிர்வீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டே போனாள். கப்பைத் திருப்பி வைத்தால் மறுநாள் மறுபடி அந்தப் பக்கமே பார்த்தாள். இதழ் நுனியில் இருந்த சிவப்பு எல்லாம் போய், வெளுத்த பச்சையாகிவிட்டாள்.

மருதாசலத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பூங்கோதை வந்து பார்த்தால் என்ன சொல்வது? தினமும் போனில் அவள் கேட்பது ஒரே கேள்விதான், ஒறம்பரை வந்தாங்களா என்று. அவரும், வந்தாங்க வந்தாங்க, நல்லா இருக்காங்க என்று புளுகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவள், செடிங்களோட ஒரு போட்டோ அனுப்புங்க, பாக்கோணும்போல இருக்குது என்றாள். ஊதா விளக்கை அணைத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ஃபோகஸ் லைட்டை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் முன்னால் துடைப்பக்குச்சிகளை வரிசையாக ஒட்டி, மேசை மேல் கம்பி நிழலோடு அசல் வெயில் மாதிரியே விழ வைத்து, ஊட்டிக்காரியின் கழுத்தை டீ டம்ளரால் மறைத்துப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்தவர் எவரும் வெயில் என்றே சொல்வார்கள். அவருக்கே தன் கைவேலையை நினைத்துப் பெருமையாக இருந்தது. பூங்கோதை பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் போனில் ஒறம்பரையைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை.

இனிமேல் தாங்காது என்று அவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தண்ணீர் மோட்டார் போடும் விஷயத்தில் இருவருக்கும் பழைய உரசல் ஒன்று உண்டு, ஆனாலும் தட்டினார். எங்கள் வீட்டு வெயிலை அனுப்பிவையுங்கள் என்று கேட்டார். கிட்டுசாமி விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இது உங்கள் வெயில்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்க நினைத்தார், வளைந்த கம்பியைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

“நான் கூப்புடலீங்க, அவுங்களா வந்தாங்க” என்றார். “வந்தவங்களப் போன்னு சொல்ற பழக்கம் எங்க வீட்ல இல்லீங்க.”

அதைக் கேட்டு மருதாசலத்துக்குச் சுருக்கென்றது, ஆனால் எங்கே தைத்தது என்று அப்போது அவருக்குப் புரியவில்லை.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். கோபித்துக்கொண்டு போன ஒறம்பரையை எப்படி அழைப்பது என்பதில் அங்கே எல்லோருக்கும் அனுபவம் இருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய் எல்லாம் வைத்து நேரில் போய்க் கூப்பிட வேண்டும், போனில் கூப்பிட்டால் மேலும் கோபம் வரும் என்று முடிவானது. நல்ல நேரம் பார்த்து, மருதாசலம் வேட்டி கட்டி, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தாவைக் கடக்க, பின்னால் குடியிருப்பே வந்தது. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற ஊர்வலம்தான், ஆனால் எல்லோரும் மெதுவாகத்தான் நடந்தார்கள். மச்சினனும் வந்திருந்தான்.

மருதாசலம் நாற்காலி முன்னால் நின்று, வாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, நம்ம வீட்டுக்கு வாங்க என்றார். வெயில் நெளிந்தது. தாம்பாளத்தின் மேல் ஏறி, வாழைப்பழத்தைத் தடவிப் பார்த்தது. நாற்காலியிலிருந்து இறங்கிக்கூட நின்றது. பிறகு அவருக்குப் பின்னால், பக்கவாட்டில் என்று யாரையோ தேடுவதுபோல் கூட்டத்தின் முகங்கள் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்துவிட்டு, திரும்பி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எல்லோருக்கும் புரிந்துபோனது. மருதாசலத்துக்கு மட்டும் புரியவில்லை. லோகநாயகி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்:

“சோடியா வந்து கூப்புடாம எந்த ஒறம்பரைங்க வரும்? அம்மிணி எங்க?”

அட ஆமாம் என்றது கூட்டம். பத்திரிகை வைப்பதென்றாலும் காதுகுத்துக்குச் சொல்வதென்றாலும் புருஷன் பெண்டாட்டியாகப் போய் நின்றுதான் சொல்ல வேண்டும், ஒற்றை ஆளாகப் போய்ச் சொன்னால் அது அழைப்பிலேயே சேர்த்தி இல்லை. இதுகூடத் தெரியாமல் தாம்பாளம் தூக்கி வந்தோமே என்று ஆளாளுக்கு வெட்கப்பட்டுக்கொண்டு கலைந்தார்கள். தேங்காயைக் கிட்டுசாமி வைத்துக்கொண்டார்.

மருதாசலம் தன் ஊதா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். யாருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை பாடுபட்டாரோ அவளிடமே போய் நிற்க வேண்டும். போனை எடுத்தார். பூங்கோதை எடுத்ததும், எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டார். குழந்தைக்குத் தொட்டில் போட்டாயிற்று, பத்தியச் சாப்பாட்டுக்கு இங்கேயே ஆள் வந்துவிட்டது, எனக்கு இப்போது இங்கே வேலை ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்றார்.

“நீங்க வரச்சொல்லலீங்களே” என்றாள். “போன்னுதான சொன்னீங்க.”

மருதாசலத்துக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. பையோடு நின்ற அவளும், தன் கையில் இருந்த தெர்மாகோலும், நிமிராத தன் தலையும் ஞாபகம் வந்தன. எதிர்வீட்டில் தைத்தது எங்கே என்று இப்போது புரிந்தது. வெயில் போனால் செடி வாடும், இவள் போனால்? இத்தனை நாள் ஊதாச் சாம்பார் சாப்பிட்டது விளக்கால் மட்டும்தானா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வயதான மனுஷன், பாவம், ஊட்டிக்காரியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் அப்போதும் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் கடையைத் திறக்காமல் காங்கேயம் பஸ் ஏறினார். வழியெல்லாம் பனங்காட்டின் மேலும் எருமைகள் மேலும் கேட்பாரில்லாமல் வெயில் கொட்டிக்கிடந்தது, அதில் ஒரு துண்டு வெயிலும் அவரைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றபோது உள்ளே எல்லோரும் இருந்தார்கள், மச்சான், அவர் மனைவி, பிள்ளை பெற்றவள், குழந்தையைப் பார்க்க வந்த சனம். வாங்க மாப்ள என்று மச்சான் எழுந்தார். மருதாசலம் வாசற்படி ஏறவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த பூங்கோதையைப் பார்த்தார். வழக்கம்போல் வாயில் வேறு வார்த்தை வந்து நின்றது, ‘கெளம்பு’ என்று. அதை முழுங்கினார். அடுத்து ‘வா’ வந்தது, அதையும் முழுங்கினார். பிறகு இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு தடவையும் சொல்லாததை, அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

“பூங்கோத… வாங்க. நம்ம வீட்டுக்கு வாங்க.”

தொட்டில் நின்றது. பிள்ளை பெற்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழந்தையைப் பார்த்தார். பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் இரண்டுமே சரியாக வரவில்லை. உள்ளே போய்ப் பையோடு வந்தாள். பை ஏற்கெனவே கட்டி வைத்ததுபோல்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, பல்லடம் தாண்டுகிற வரைக்கும் காத்திருந்து, மருதாசலம் விஷயத்தை மெல்ல ஆரம்பித்தார். ஒறம்பரை கோபித்துக்கொண்டு போன கதை, டிரில் மாஸ்டர், தாம்பாளம், எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

“தெரியுமுங்க” என்றாள். “போட்டோல கம்பி நேரா இருந்துச்சு.”

சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்து, கைகால் அலம்பி, இருவரும் ஒன்றாக எதிர்வீட்டு வாசலில் நின்றார்கள். தாம்பாளம்கூட இல்லை. பூங்கோதை வாங்க என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மருதாசலம் சொல்லிவிட்டார். வெயில் நாற்காலியை விட்டு எழுந்தது. வடகத் தட்டின் மேல் ஒரு தடவை, விசிலின் மேல் ஒரு தடவை பட்டுவிட்டு, வராந்தாவில் இறங்கி, வளைந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குள் போனது. மேசையடியில் போய்த் தயங்கியது. பூங்கோதை பழைய மெல்லிய வேட்டி ஒன்றைச் செடிகளின் மேல் பந்தலாகக் கட்டி, இத்தனை நாள் பழக்கம் விட்டுப்போச்சுங்க, திடீர்னு பட்டா சுட்டுரும், மெதுவா வாங்க என்று அதற்கு விளக்கம் சொன்னாள். வெயிலும் புரிந்துகொண்டு, சுடச்சுட விழாமல், வேட்டியின் மேல் பட்டும் படாமல் உட்கார்ந்தது.

ஊட்டிக்காரியின் நீண்ட கழுத்தை அவள் கத்திரியால் வெட்டித் தலையைக் காயவைத்து, வேறு கப்பில் புது மண்ணில் நட்டாள். மிஞ்சிய தண்டிலும் குட்டிகள் விட்டன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிட்டுசாமியின் வீட்டுக்குப் போனபோது அவர் இருட்டில் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்க்கவே சங்கடமாக இருந்தது. மருதாசலம் அந்த ஊதா விளக்கைக் கழற்றி வந்து அவர் வீட்டில் மாட்டினார். வெயிலே வராத வீட்டுக்கு இது நல்ல விளக்குதான், அதன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, ராத்திரி மட்டும் அணைத்துச் செடியைத் தூங்க விடுங்கள் என்றார். கிட்டுசாமி தினமும் விடிந்ததும் சட்டை போட்டுப் பித்தான் மாட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லிச் சுவிட்சைத் தட்டுவார், சாயங்காலம் போயிட்டு வாங்க என்று சொல்லி அணைப்பார். விளக்குக்கு மரியாதை பழகிவிட்டது. ஒரு நாள் காலையில் ஏரியா முழுக்கக் கரண்ட் போனபோது, அவர் வாங்க என்று சொன்னதும் அது மட்டும் வந்தது. கரண்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவர் வீட்டு மீட்டருக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். புருவம் எடுக்க வருகிறவர்கள் இப்போது அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. பூங்கோதை திரும்பி வந்த மறுநாள் காலை மருதாசலம் கடைக்குக் கிளம்பினார். மேசை மேல் வேட்டிப் பந்தலில் வெயில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் பூங்கோதை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். போயிட்டு வாங்க என்றாள். அவர் படி இறங்கினார், பாதியில் எதையோ மறந்தவர்போல நின்று, மறுபடி ஏறி வந்து, வாசலில் தலையை நீட்டினார்.

“போயிட்டு வர்றனுங்க” என்றார். “நீங்க இருங்க.”

யாரைச் சொன்னார் என்று பூங்கோதையும் கேட்கவில்லை, வெயிலும் கேட்கவில்லை. இருவருமே இருந்தார்கள்.